செகந்திராபாத் கண்ட மருத்துவமும் மானிட சமத்துவமும்

பேகம்பேட்டைச் சாலை வழியே நாள்தோறும் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வருவோர் நம்மில் பலர். பழைய விமான நிலையத்துக்கு அருகே, சர் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவ அறிஞரின் பெயரைத் தாங்கிய ஒரு பழங்கட்டடம் நிற்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? மலேரியாக் காய்ச்சலின் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதை மனிதக் கண் முதன்முதலாகக் கண்டது நம் செகந்திராபாத்தில்தான். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் நிகழ்ந்த அக்கண்டுபிடிப்பின் நினைவாகவே அந்நாளை உலகம் கொசு ஒழிப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

நாம் வாழும் ஊருக்கு இத்தகைய பெருமை உண்டென்று அறியும்போது நெஞ்சம் விம்முவது இயல்பே. ஆயினும் வரலாறு பெருமை பேசுவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. கணக்குக் கேட்பதற்காகவும் ஏற்பட்டது. ஒரு மருந்தோ கருவியோ புதிதாகத் தோன்றும்போது, அது யாருடைய உடலில் சோதிக்கப்பட்டது, யாருடைய பொருளால் ஆயிற்று, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால், வெற்றிக் கதைகளின் மறுபக்கமும் தெரியவரும். இவ்வினாக்களை நம் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்ந்த சில செய்திகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆண்டுதோறும் மருத்துவ உதவிக்கென்று பொருள் திரட்டும் சங்கத்தினராகிய நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

நம்மவர் வந்த வழி

இந்நகரில் தமிழர் வாழ்வு பாளையத்தோடு தொடங்குகிறது. 1798-இல் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாகக் கம்பெனிப் படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையமிறங்கியது. 1806-இல் அவ்விடத்துக்கு மூன்றாம் நிஜாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்னும் பெயர் ஏற்பட்டது. சென்னை மாகாணப் படையுடன் சிப்பாய்கள் வந்தனர்; அவர்களைத் தொடர்ந்து பண்டங்கள் வழங்கும் ஒப்பந்தக்காரரும் கணக்கரும் வணிகரும் வந்தனர்; பின்னர் இருப்புப்பாதை வந்தபோது அதில் பணிபுரிய மேலும் பலர் வந்தனர்.

வந்த இடத்தில் சம்பாதித்துக் கொண்டு போவதோடு நம்மவர் நின்றுவிடவில்லை. சோமசுந்தர முதலியார் 1862-இல் நிறுவிய பள்ளியே பிற்காலத்தில் மகபூப் கல்லூரி என்று புகழ்பெற்றது. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்கா செல்வதற்கு முன்பு, சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். வாழவைத்த ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன மரபு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கொடுப்பது நன்று என்பதில் ஐயமில்லை. எப்படிக் கொடுப்பது என்பதே ஆராயத்தக்கது. அதற்கு நிஜாம் மன்னர் ஒருவரின் கொடையிலிருந்தே தொடங்குவோம்.

மன்னர் கொடையும் மயக்க மருந்தும்

அறுவை சிகிச்சையின்போது நோயாளிக்கு உணர்வு தெரியாதிருக்கக் குளோரோஃபாரம் என்னும் மருந்தை முகரச் செய்யும் வழக்கத்தை 1847-இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்சன் தொடங்கி வைத்தார். மறு ஆண்டே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால் நகம் ஒன்றை அகற்றும் சிறு சிகிச்சைக்காக அம்மருந்தை முகர்ந்து, உயிர் துறந்தாள். அன்று முதல் மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். இம்மருந்து இதயத்தைத் தாக்கிக் கொல்கிறது. ஆகவே நாடியைக் கவனிக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். இல்லை, அது மூச்சையே முதலில் நிறுத்துகிறது. மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர் மற்றொரு சாரார்.

ஐதராபாத் ரெசிடென்சியின் மருத்துவராகவும் இங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய எட்வர்ட் லாரீ இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவர். 1888-இல் அவருடைய முயற்சியால் ஐதராபாத் குளோரோஃபாரக் குழு அமைந்தது. நாய்களைக் கொண்டு சோதனை நடத்தி, இம்மருந்து இதயத்தை நேரே தாக்குவதில்லை என்று அக்குழு தீர்ப்புக் கூறியது. இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ இதழ் அத்தீர்ப்பை ஏற்கத் தயங்கியது. அப்போது ஆட்சி புரிந்த ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான், அவ்விதழ் தன் சார்பில் ஓர் அறிஞரை அனுப்பி நேரில் ஆராயட்டும் என்று 1,000 பவுன் வழங்கினார். லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1889-இல் கடல் கடந்து ஐதராபாத் வந்தார். நாய், குரங்கு, ஆடு, குதிரை எனப் பல நூறு விலங்குகளின்மேல் சோதனை நடந்தது. இரண்டாம் குழுவும் லாரீயின் கருத்தையே உறுதி செய்தது.

மேல்நாட்டார் கீழ்நாட்டுக்கு அறிவையும் பொருளையும் வழங்குகின்றனர் என்று பேசப்பட்ட காலம் அது. அக்காலத்தில் ஒரு கீழ்நாட்டு மன்னர் உலகத்தார் அனைவருக்கும் பொதுவான ஒரு மருத்துவ வினாவுக்கு விடை காணத் தம் கருவூலத்தைத் திறந்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அம்மருத்துவப் பள்ளியில் பெண்களும் பயின்றனர். அவர்களுள் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சி மங்கையார் மயக்க மருந்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று இன்று போற்றப்படுகிறார்.

ஆயினும் கதையின் முடிவு வேறு. 1911-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த குட்மன் லெவி என்பார், குளோரோஃபாரத்தை அரைகுறையாக முகரும் நிலையில் இதயம் திடீரென்று தாளம் தப்பி நின்றுவிடக் கூடும் என்பதைப் பூனைகளைக் கொண்டு மெய்ப்பித்தார். ஐதராபாத் குழு அவ்வளவு உறுதியுடன் கூறிய தீர்ப்பு அந்த அளவில் பிழையாயிற்று. கொடை ஆராய்ச்சிக்கு வழி வகுக்கலாம். உண்மையை விலைக்கு வாங்கித் தரமாட்டாது. மன்னரின் பெருந்தன்மையும் மருத்துவரின் நம்பிக்கையும் ஒன்றுகூடியும், நோயாளியின் இதயம் தன் போக்கிலேயே நடந்துகொண்டது. கொடுப்போர் அடக்கத்துடன் இருத்தல் வேண்டும் என்பது இதனால் நாம் பெறும் முதற்பாடம்.

பத்து அணா

ரொனால்ட் ராஸ் 1857-இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1895-இல் செகந்திராபாத்தில் தங்கியிருந்த 19-ஆம் சென்னைக் காலாட்படையின் மருத்துவரானார். நம்மவர் எந்தப் படையின் நிழலில் இவ்வூருக்கு வந்தனரோ, அதே சென்னைப் படையே அவரையும் இங்குக் கொண்டுவந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவருடைய ஆசான் பாட்ரிக் மான்சன் இலண்டனிலிருந்து எழுதி வந்தார். அத்தொடர்பு யாது என்பது அப்போது எவருக்கும் விளங்கவில்லை.

கொசு இறந்து கிடக்கும் நீரைக் குடிப்பதால் நோய் பரவக் கூடுமோ என்னும் ஐயம் எழுந்தது. அதைச் சோதிக்க 1895-இல் ராஸ், நோயாளியைக் கடித்த கொசுக்கள் மடிந்து கிடந்த நீரை லட்சுமணன் என்னும் நலமுள்ள ஓர் ஆளுக்குக் குடிக்கக் கொடுத்தார். சில நாட்களில் லட்சுமணனுக்குக் காய்ச்சல் கண்டது. வெற்றி கிட்டியது என்றே ராஸ் எண்ணினார். பிறகு வேறு சிலருக்குக் கொடுத்தபோது அவ்விளைவு ஒழுங்காகத் தோன்றவில்லை. ஆகவே அக்கருத்து கைவிடப்பட்டது. லட்சுமணனுக்கு வந்த காய்ச்சல் மட்டும் வந்ததுதான்.

1897-இன் வேனிற்காலத்தில் ராஸ் நம் தமிழ் மண்ணுக்கும் சென்றார். உதகமண்டலத்துக்குக் கீழே சீகூர்ப் பள்ளத்தாக்கில் கொசு ஆராய்ச்சி செய்தபோது அவரையே மலேரியா பற்றிக்கொண்டது. பிறர் உடலை மட்டுமன்றித் தம் உடலையும் நோய்க்கு உட்படுத்திய உழைப்பாளர் அவர் என்பதை இங்கே கூறாமல் விடுவது நேர்மையாகாது.

அவ்வாண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தின் வெப்பம் தாங்கொணாததாக இருந்தது. விசிறி வீசினால் கொசுக்கள் பறந்துவிடும் என்று விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வையால் திருகுகள் துருப்பிடித்த நுண்ணோக்காடியில் ராஸ் கண்ணைப் பதித்திருந்தார். மருத்துவமனையில் ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளி ஒருவர் இருந்தார். சிறகில் புள்ளிகள் கொண்ட ஒருவகைக் கொசுக்களைப் புழுப் பருவத்திலிருந்து வளர்த்து, 16-ஆம் நாள் ஹுசேன் கானைக் கடிக்கச் செய்தனர். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா என்பது பேச்சு. பத்துக் கொசுக்கள் கடித்தன. பத்து அணா கைமாறியது. 20-ஆம் நாள், எஞ்சிய இரண்டு கொசுக்களுள் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது அதன் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள் பொதிந்த உருண்டைகள் காணப்பட்டன. மனித உதிரத்திலிருந்து கொசுவுக்குச் சென்ற கிருமி அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் கடைசிக் கொசுவும் அதையே காட்டியது.

மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு கிருமியின் முழுச் சுழற்சியையும் ராஸ் நிறுவினார். மனிதருக்கும் அவ்வாறே என்பதை இத்தாலிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரால் கட்டடங்களும் நினைவுச் சின்னங்களும் எழுந்தன. ஹுசேன் கானோ அக்கதையில் பத்து அணாவோடு நின்றுவிடுகிறார்.

பத்து அணா அநியாயக் கூலி என்று வாதாடுவது நம் கருத்தன்று. பணம் கொடாமலே பிறர் உடலைப் பயன்படுத்திய காலத்தில், கொடுத்துக் கேட்டார் என்பதே ஒரு நற்செயல் எனலாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். படை மருத்துவர் கேட்கிறார். காய்ச்சலில் கிடக்கும் ஏழை விடை கூறுகிறார். ஒருவர் ஆள்வோர் இனத்தவர். மற்றவர் ஆளப்படுவோர் இனத்தவர். அந்நிலையில் ‘சரி’ என்னும் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு? மறுக்க இயலாதவன் கொடுக்கும் சம்மதம் பாதிச் சம்மதமே ஆகும்.

உதிரம் ஒருவருக்கு, உயரம் மற்றவருக்கு

கண்டுபிடிப்பின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதையும் காண்போம். கொசுவை ஒழித்தால் எல்லாரும் பிழைப்பர் என்பது ராஸின் கொள்கை; 1899-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றபோதும் அதையே வற்புறுத்தினார். பின்னர் ஆய்வு செய்த வேறு சில மருத்துவர்களோ, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உதிரத்தில் கிருமி மிகுதியாக இருப்பதால் ஐரோப்பியர் அவர்களிடமிருந்து விலகி வாழ்வதே வழி என்றனர். 1904-இல் அந்நாட்டின் ஃப்ரீடவுன் நகருக்கு மேலே ஐரோப்பியருக்கென்று தனிக் குன்றுக் குடியிருப்பு எழுந்தது. பகலில் கீழே இறங்கி ஆட்சி புரிவர். கொசு கடிக்கும் இரவில் மேலே ஏறி உறங்குவர். கீழே இருந்த குழந்தைகள் கொசுவோடு விடப்பட்டனர்.

செகந்திராபாத்தில் ஓர் ஏழையின் உதிரத்தால் விளைந்த அறிவு, உலகின் மற்றொரு மூலையில் நிறம் பார்த்து மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று. அறிவு தானாக அறமாவதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

பத்ராசலத்தில் நடந்தது

இவையெல்லாம் வெள்ளையர் ஆட்சிக் காலத்துக் கதைகள், விடுதலை பெற்ற நாட்டில் இவ்வாறு நிகழாது என்று ஆறுதல் கொள்ளலாமா? நம்மில் பலர் இராம நவமிக்குச் சென்று வரும் பத்ராசலத்தின் சுற்றுப்புறத்தில் நிகழ்ந்தது வேறு பாடம் தருகிறது.

2009-ஆம் ஆண்டு, அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 14,000 சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடும் திட்டம் தொடங்கியது. அவர்களுள் பழங்குடிச் சிறுமியர் பலர். பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிகளில் தங்கிப் பயின்றோர் பலர். பாத் என்னும் அமெரிக்க அறநிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுடனும் சேர்ந்து இத்திட்டத்தை நடத்தியது. பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை பொருளுதவி அளித்தது. மருந்தை அதன் உற்பத்தியாளர் நன்கொடையாக வழங்கினர். குஜராத்தின் வடோதராவிலும் இதே போன்ற திட்டம் நடந்தது.

இடையில் சிறுமியர் சிலர் இறந்தனர் என்னும் செய்தி பரவியது. பெண்கள் நல இயக்கத்தினர் குரல் எழுப்பினர். 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. விசாரித்தவர்கள், அச்சாவுகளுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று கண்டனர். பாம்புக் கடி, நீரில் மூழ்குதல், பூச்சிமருந்து அருந்துதல், மலேரியா ஆகியவையே அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. நூறாண்டுக்கு முன் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் காணப்பட்ட அதே நோய், அச்சிறுமியருள் ஒருத்தியையும் கொன்றது என்பதை இங்கே நினைவிற் கொள்க.

ஆனால் விசாரணை மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தது. ஆந்திரத்தில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் தாள்களில் 2,763 தாள்களில் விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டிருந்தனர். 1,948 தாள்களில் கைநாட்டு இருந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தது. அவ்வறநிறுவனம் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தது.

அந்த ஊசி நல்ல ஊசி. கருப்பைவாய்ப் புற்றுநோயால் மடியும் பெண்களைக் காக்க உலகில் பல நாடுகள் அதைப் பயன்படுத்துகின்றன. நம் வீட்டுப் பெண்களுக்கும் அதைப் போடலாம், மருத்துவரைக் கேட்டுப் போடவே வேண்டும். ஆகவே இங்கு நிகழ்ந்த பிழை மருந்தில் இல்லை. கேட்ட முறையில் உள்ளது. நம் மகளுக்கு ஊசி போடும்போது பள்ளிக் காவலர் நமக்குப் பதிலாகக் கையொப்பமிட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? நமக்கு ஒரு முறையும் கோயா இனத்துத் தாய்க்கு ஒரு முறையும் வகுத்தல் சமத்துவமாகாது. அதன் கேடு அம்முறை தவறிய அன்றோடு முடிவதும் இல்லை. கேளாமல் செய்த நன்மையின் பேரில் மக்களுக்கு ஐயம் விழுந்து, நல்ல மருந்தையும் வேண்டாமென்று தள்ளும் நிலை உண்டாகிறது.

விரல் நுனியில் ஒரு விளக்கு

இனி நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். 2021-ஆம் ஆண்டின் கோவிட் இரண்டாம் அலையை மறந்தவர் எவரும் இரார். நம் குடியிருப்பில் மூன்று நான்கு வீடுகளுக்கு ஒன்றாக, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கைமாறிக்கொண்டிருந்தது. நம் அன்பர் ஒருவரின் தந்தையார், நல்ல கருநிற மேனியர், மூச்சுவிடத் திணறினார். கருவியோ 95 என்று காட்டியது. எண் நன்றாயிருக்கிறதே என்று வீட்டார் ஓர் இரவு காத்திருந்தனர். செவிலியராகப் பணிபுரியும் பேத்தி வந்து பார்த்து, ‘எண்ணைப் பார்க்காதீர்கள், தாத்தாவைப் பாருங்கள்’ என்று கடிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது பிராணவாயு மிகக் குறைந்திருந்தது. இறையருளால் பெரியவர் பிழைத்தார்.

குளிர்ந்த விரலும், நகப்பூச்சும், மட்டமான கருவியும்கூட இத்தகைய பிழையைச் செய்யும்; ஆகவே மேனி நிறமே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் மேனி நிறமும் ஒரு காரணமாகலாம் என்பதை அறிவியல் நிறுவியுள்ளது. இக்கருவியின் தத்துவத்தை ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அயோயாகி 1970-களில் கண்டறிந்தார். சிவப்பொளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு பிராணவாயுவின் அளவைக் கணக்கிடும் அருமையான முறை அது. ஆயினும் ஒளி இரத்தத்தை அடையுமுன் தோலைக் கடக்க வேண்டும்; தோலின் கருநிறப் பொருளும் ஒளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு வாயு என்னும் கணக்கை, சோதனைக்கு வந்த தன்னார்வலரின் உடலைக் கொண்டே வகுக்கின்றனர். அவர்களுள் வெண்ணிறத்தார் மிகுதியானால் கணக்கும் அவர்களுக்கே பொருந்தும்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும், இரத்தத்தில் உண்மையளவு 88-க்கும் கீழே இருந்த நிகழ்ச்சிகளை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். வெள்ளையரிடத்தில் அது நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தாரிடத்தில் 11.7. ஏறக்குறைய மும்மடங்கு! ஆசியரிடத்தும் கருவி அளவை மிகைப்படுத்திக் காட்டுவதையும், அதனால் கோவிட் சிகிச்சை தாமதப்படுவதையும் 2022-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு உணர்த்தியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் வகுத்த விதியின்படி, சோதனைக்குக் கருநிறத்தார் இருவரோ மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைவரோ, இவற்றுள் எது மிகுதியோ அது இருந்தால் போதும். இவ்வாய்வுகளுக்குப் பின் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில், 150 பேருக்குக் குறையாமல் பல நிறத்தாரையும் சேர்த்துச் சோதிக்குமாறு அது பரிந்துரைத்தது. பிரிட்டனிலும் பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையில் அமைந்த குழு, மருத்துவக் கருவிகளில் இன வேறுபாடு புகுந்திருப்பதை ஆராய்ந்து 2024-இல் அறிக்கை அளித்தது.

அக்கருவியைச் செய்தவர் எவரும் கருநிறத்தாரை வெறுத்து அவ்வாறு செய்யவில்லை. அவர்களை எண்ணவில்லை, அவ்வளவே. எண்ணாமல் விடுவதும் ஒருவகை அநீதி என்பதே இதில் நாம் அறிய வேண்டியது. ஹுசேன் கான் காலத்தில் நம்மவர் உடல் சோதனைக்கு மட்டும் வேண்டியிருந்தது; பயனில் பங்கில்லை. ஆக்சிமீட்டர் காலத்தில் நம்மைப் போன்ற நிறத்தார் உடல் சோதனையிலேயே போதுமான அளவு இடம் பெறவில்லை. ஆகவே பயனும் குறைந்தது. இரண்டு ஓரங்களும் தவறு. சோதனையிலும் பயனிலும் எல்லா மக்களும் ஒப்ப இருத்தலே நீதி.

நம் கடமை

பிறரைக் கணக்குக் கேட்டோம்; இனி நம் கணக்கையும் காட்டுவோம். நம் சங்கமும் சில ஆண்டுகளாக இலவச மருத்துவ முகாம்கள் நடத்தி வருகிறது. இரத்த அழுத்தம் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம், மூக்குக் கண்ணாடி வழங்குகிறோம். நன்கொடையாளர் பெயர்களை மலரில் அச்சிடுகிறோம். அதனுடன், உதவி பெறும் ஏழை எளியவரை வரிசையில் நிறுத்தி நிழற்படம் எடுத்து அதையும் அச்சிடுகிறோம். அவர்களுள் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மாக்களும், நம் குடியிருப்பைக் காவல் காக்கும் முதியோரும் உள்ளனர். படம் எடுக்கலாமா என்று அவர்களை ஒருமுறையேனும் கேட்டோமா? கேட்டிருந்தாலும், மறுநாளும் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்க வேண்டியவர்கள் ‘வேண்டாம்’ என்று கூறியிருப்பார்களா? பேகம்பேட்டை மருத்துவமனையில் கேட்ட வினாவை நம் முகாமிலும் கேட்டே தீரவேண்டும்.

ஆகவே சங்க அன்பர்களின் ஆலோசனைக்குச் சிலவற்றை வைக்கிறோம். முகாமுக்கு வருவோரிடம், என்ன சோதனை, எதற்காக, முடிவு யாருக்குத் தெரியும் என்பதை அவரவர் மொழியில், தெலுங்கிலோ உருதுவிலோ தமிழிலோ, சொல்லிய பின்னரே கையைத் தொட வேண்டும். வேண்டாம் என்பவருக்கும் கண்ணாடியும் மருந்தும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சோதனை முடிவைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், அடுத்து எங்குச் செல்ல வேண்டும் என்பதற்கும் ஒருவர் துணை நிற்க வேண்டும். கருவி வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், நம் போன்ற மேனியரிடத்தில் அது சோதிக்கப்பட்டதா என்றும் விற்பவரைக் கேட்க வேண்டும். உதவி பெறுவோர் படம் இம்மலரில் இனி இடம்பெற வேண்டுவதில்லை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்வோர். நோயுற்றவரையே அவர் முதலில் வைத்தார். பொருள் கொடுப்பவருக்கு அந்த நான்கில் தனி இடம் இல்லை. கொடையாளராகிய நாம் அதில் இடம்பெற விரும்பினால், அருகிருந்து பணி செய்வோராகத்தான் இடம்பெற முடியும்.

அடுத்த ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் பேகம்பேட்டை வழியே செல்லும்போது, பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுவோம். ரொனால்ட் ராஸ் என்னும் பெயரைச் சொல்லும் அதே மூச்சில், லட்சுமணன் என்றும் ஹுசேன் கான் என்றும் சொல்லிக் கொடுப்போம். நம் சங்கம் வளர்க! நம் கைகள் கேட்டுக் கொடுக்கும் கைகளாகுக!